வேட்டைக்கறியும் என் யூரியாவும்

"மான் கறியில் கொழுப்பே கிடையாது, கிட்னிக்கு ரொம்ப நல்லது" என்று யாராவது சொன்னால் எனக்குச் சட்டென்று கோபம் வந்துவிடுகிறது. நானும் அதை நம்பியவன்தான் என்பதால் இருக்கலாம்.

சிறுநீரக பாதிப்பு மூன்றாம் நிலை என்று தெரிந்ததும் கொழுப்புள்ள கறியை நிறுத்தினேன். மான், முயல் என்று மாறினேன். கொழுப்புதான் இல்லையே என்று தட்டில் இரண்டு மடங்கு விழுந்தது. அடுத்த ரத்தப் பரிசோதனையில் யூரியா ஏறியிருந்தது. டயட்டீஷியன் எந்த விலங்கு என்றே கேட்கவில்லை. "எத்தனை கிராம்?" என்றுதான் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

கொழுப்பு குறைவு என்பது இதயத்துக்கு நல்ல செய்தி. சிறுநீரக நோயாளிக்கு இதயமும் பெரிய கவலை என்பதால் அதை நான் தள்ளிவிடவில்லை. ஆனால் புரதம் சிதைந்து வரும் யூரியாவை வெளியேற்றும் வேலை சிறுநீரகத்துடையது, கொழுப்பு குறைந்த கறியில் புரதம் குறைவதில்லை. வெந்த மான் கறி 100 கிராமில் ஏறக்குறைய 30 கிராம் புரதம் இருக்கிறது. டயாலிசிஸ் இல்லாத நோயாளிக்குப் பொதுவாகச் சொல்லும் அளவு, உடல் எடை கிலோவுக்கு 0.8 கிராம். 60 கிலோ ஆளுக்கு ஒரு நாளைக்கு 48 கிராம். ஒரே வேளையில் 30 போய்விட்டால் தானியம், பருப்பு, பால் எல்லாம் மிச்சமிருக்கும் 18-க்குள் அடங்க வேண்டும். இரண்டு மடங்கு வைத்துக்கொண்ட என் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

டயாலிசிஸ் செய்பவர்களுக்கு இது அப்படியே தலைகீழ். சிகிச்சையிலேயே புரதம் வெளியேறுவதால் அவர்களுக்குக் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை தேவைப்படும். அதே மான் கறி அவர்களுக்கு உண்மையிலேயே உதவும். "கிட்னிக்கு நல்லது" என்று மொட்டையாகச் சொல்வது இதனால்தான் ஆபத்து.

இன்னொரு ஏமாற்று, மான் கறி சாசேஜும் உலர்த்திய துண்டங்களும். பச்சைக் கறியில் சோடியம் குறைவு. பதப்படுத்தும்போது உப்பைக் கொட்டுகிறார்கள், பல சமயம் பாஸ்பரஸ் கலந்த உப்பான பாஸ்பேட்டும் சேர்க்கிறார்கள். பழுதான சிறுநீரகத்தால் பாஸ்பரஸைச் சரியாக வெளியேற்ற முடியாது. இறைச்சியில் இயல்பாக உள்ள பாஸ்பரஸில் ஏறக்குறைய பாதிதான் உடலில் சேரும், சேர்க்கப்பட்ட பாஸ்பேட்டோ பெரும்பாலும் முழுதாகச் சேர்ந்துவிடும். வாங்குமுன் அட்டையில் "phosph" என்ற எழுத்துகள் கண்ணில் பட்டால் கீழே வைத்துவிடுங்கள்.

காட்டு விலங்கின் ஈரலையும் சிறுநீரகத்தையும் நான் தொடுவதில்லை. காட்மியம் என்ற நச்சு உலோகம் அங்கேதான் சேர்கிறது, அது நம் சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஈயக் குண்டு பட்ட கறி என்றால் காயத்தைச் சுற்றிலும் தாராளமாக வெட்டி எறிய வேண்டும், கண்ணுக்குத் தெரியாத துகள்கள் தள்ளியும் சிதறியிருக்கும். யூரிக் அமிலத் தொல்லை இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடுங்கள், யூரிக் அமிலமாக மாறும் பியூரின் இந்தக் கறிகளில் கணிசமாக உண்டு.

இப்போது நான் வெந்த கறி 60 கிராம், தராசில் நிறுத்து, வாரம் ஒருமுறை சாப்பிடுகிறேன். சிறு துண்டுகளாக்கி நிறைய நீரில் வேகவைத்து அந்த நீரைக் கொட்டிவிட்டால் பாஸ்பரஸும் பொட்டாசியமும் ஓரளவு போகும். ருசியும் கொஞ்சம் போகும், பொய் சொல்ல மாட்டேன். எலுமிச்சையும் பூண்டும் மிளகும்தான் அதை மீட்டுத் தருகின்றன. "குறைந்த சோடியம் உப்பு" வாங்கித் தருகிறேன் என்று அன்போடு கிளம்பும் உறவினர்களைத் தடுத்துவிடுங்கள், அதில் பாதிக்கு மேல் பொட்டாசியம் குளோரைடாகக்கூட இருக்கலாம், பழுதான சிறுநீரகத்தால் பொட்டாசியத்தையும் சரியாக வெளியேற்ற முடியாது.