கிராம சபை வேறு, ஊராட்சி மன்றக் கூட்டம் வேறு

"கிராம சபையில் ஓட்டுப் போடும் உரிமை தலைவருக்கும் வார்டு உறுப்பினர்களுக்கும்தான், ஊர் மக்கள் வெறும் பார்வையாளர்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் சொல்வது ஊராட்சி மன்றக் கூட்டத்தை. கிராம சபை என்பது ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள அத்தனை பேரும்தான். அரசியலமைப்பின் 243ஆவது பிரிவே அப்படித்தான் வரையறுக்கிறது. 2019இல் தேர்தல் நடந்த மாவட்டங்களில் 2025 ஜனவரியில் தலைவர்கள், வார்டு உறுப்பினர்களின் பதவிக்காலம் முடிந்து, அவர்கள் இடத்தில் நிர்வாகம் பார்க்க அரசின் தனி அலுவலர்கள் வந்தார்கள். அதே மாதம் 26ஆம் தேதி கிராம சபை கூடத்தானே செய்தது?

குறைவெண் வரம்பை, அதாவது கூட்டம் செல்ல குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்பதைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 10,000க்கு மேல் போனால் 300 பேர் வர வேண்டும். எந்த ஊராட்சியில் ஐயா 300 வார்டு உறுப்பினர்கள் இருக்கிறார்கள்?

நடைமுறையில் மக்களைப் பார்வையாளராக்கிவிடுகிறார்கள் என்றால் ஒப்புக்கொள்கிறேன். எங்கள் ஊரில் நூறு நாள் வேலைக்கு வந்தவர்களை வரிசையில் நிறுத்திக் கையெழுத்து வாங்கினார்கள். தீர்மானப் புத்தகத்தில் மேலே பக்கம் வெறுமையாக இருந்தது. தீர்மானங்களை எழுதி வாசித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்துப் போடுவோம் என்று நானும் இன்னும் நான்கைந்து பேரும் உட்கார்ந்துவிட்டோம். கூட்டத்தைக் கவனிக்க வந்த அதிகாரியான பற்றாளர் முகம் சுளித்தார், ஆனால் எழுதினார்.

ஒடிசாவின் நியாம்கிரியில் 2013இல் 12 கிராம சபைகள் பாக்சைட் சுரங்கத்தை மறுத்ததையும் கொஞ்சம் படித்துப் பாருங்கள். அங்கே வேண்டாம் என்றவர்கள் வார்டு உறுப்பினர்கள் அல்லர், மலையில் வாழும் டோங்கிரியா கோந்த் மக்கள்.