டேரியஸ் ரக்கருக்கு வாசல் திறந்தது வானொலி

பாப் புகழ் இருந்ததால் அமெரிக்கப் பாடகர் டேரியஸ் ரக்கருக்கு கன்ட்ரி எனும் அமெரிக்க நாட்டுப்புறப் பாணி இசை சுலபமாக அமைந்ததாம், நான் படித்த ஒரு கட்டுரை சொல்கிறது. அப்படியில்லை. அவர் முன்பு பாடிய ஹூட்டி அண்ட் த புளோஃபிஷ் குழுவின் 1994 ஆல்பம் ஒரு கோடிக்கு மேல் விற்றது உண்மை. ஆனால் கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லில் பழைய பெயர் செல்லாது. அங்கே பாட்டை மேலே ஏற்றுவது கன்ட்ரி வானொலிதான். அதனால் புதுமுகம் மாதிரி நிலையம் நிலையமாக ஏறி இறங்கினார். தயாரிப்பாளர் ஃபிராங்க் ரோஜர்ஸ் அந்தக் கனத்த குரலில் கை வைக்கவில்லை. கன்ட்ரி வாத்தியங்களான பெடல் ஸ்டீல் கிட்டாரையும் ஃபிடில் எனும் வயலினையும் அதைச் சுற்றி அடுக்கினார். 2008இல் தனிப்பாட்டாக வந்த முதல் கன்ட்ரி சிங்கிளே கன்ட்ரி பாடல் பட்டியலில் முதலிடம். 1983இல் கன்ட்ரி பாடகர் சார்லி பிரைடுக்குப் பிறகு அதுவரை எந்தக் கறுப்பினப் பாடகரும் தனியாக அந்த இடத்தைத் தொட்டதில்லை! பெயர் மட்டும் போதுமென்றால் 2002இல் வந்த ரக்கரின் ஆர் அண்ட் பி (கறுப்பின மக்களிடம் பிறந்த இசைப் பாணி) ஆல்பம் ஏன் எடுபடவில்லை? கட்டுரையில் அதைக் காணோம்.