மழை விட்ட கேப்பில் பூங்காவைத் திறந்து வையுங்கள்

போன செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணி இருக்கும். காலையிலிருந்து அடித்த மழை விட்டு, லேசாக வெயில் எட்டிப் பார்த்தது. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் லைனிங் துணியும் ஃபால்ஸும் வாங்கிக்கொண்டு திரும்பும்போது எங்கள் தெருமுனைப் பூங்கா வாசலில் நான்கு பெண்கள். துணிக்கடைச் சீருடை, கையில் டிபன் பாக்ஸ். தீபாவளிக் கூட்டத்தில் அவர்களுக்கு மதியச் சாப்பாடு மூன்று மணிக்குத்தான். கேட் பூட்டியிருந்தது. வெளியே இருக்கும் ஈரத் திட்டில் பிளாஸ்டிக் கவரை விரித்து இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள், மற்ற இரண்டு பேர் நின்றபடியே சாப்பிட்டார்கள். கம்பிக்கு அந்தப் பக்கம் பன்னிரண்டு பெஞ்சுகள் காலி. நின்று எண்ணிவிட்டுத்தான் வந்தேன்.

கடையில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் நம் மாநிலத்தில் சட்டமே வந்தது. நாள் முழுக்க நிற்பவர்களின் கால் வலி சட்டமன்றம் வரை போயிருக்கிறது. அந்தக் கால்கள் அரை மணி நேரம் ஆற, பக்கத்திலேயே மாநகராட்சி கட்டிப்போட்ட பெஞ்சு இருக்கிறது. நடுவில் ஒரு பூட்டு.

எங்கள் பூங்கா காலை பதினொரு மணிக்கு மூடி மாலை நாலு மணிக்குத் திறக்கும். அது வெயில் காலத்துக்குப் போட்ட கணக்கு. சித்திரையில் மதியம் அந்த சிமெண்ட் பெஞ்சில் யாரும் உட்கார முடியாது, சரி. ஆனால் ஐப்பசியிலும் அதே கணக்கா? மழைக்காலம் வந்தால் இன்னும் மோசம். காலையில் நாலு தூறல் விழுந்தால் அன்றைக்கு முழுக்கத் திறப்பதில்லை.

என் பையனின் பாடப் புத்தகத்தில் இலையுதிர்காலம் என்று ஒரு படம் பார்த்தேன். மஞ்சள் இலை கொட்டிய பூங்கா, கோட்டுப் போட்ட தாத்தா, பந்தோடு ஒரு நாய்க்குட்டி. நம் ஊரில் வேப்பமரம் இலை கொட்டுவது மாசி, பங்குனியில். ஐப்பசிக்கும் கார்த்திகைக்கும் கூதிர் என்று நம்மிடம் தனிப் பெயரே இருக்கிறது. சென்னையில் வருஷத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை, அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பெய்துவிடுகிறது. அதற்காக மூன்று மாதமும் விடாமல் பெய்கிறதா? இரண்டு நாள் அடித்து ஊற்றும், நாலு நாள் சும்மா மேகம் மூடிக் கிடக்கும். அந்த நாலு நாள்தான் எங்களுக்கு வருஷத்திலேயே நல்ல நாள். வியர்க்காது, காற்று வரும், மதியம் இரண்டு மணிக்குக்கூடக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போகலாம். அந்த நாட்களில்தான் கேட் பூட்டிக் கிடக்கிறது.

பூட்டிய பூங்காவுக்குள் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். சுற்றுச்சுவர் ஓரம் மூன்று மரமல்லி நிற்கின்றன. இந்த மாதங்களில்தான் அவை பூக்கும். இரவு மழை பெய்தால் விடியும்போது தரை முழுக்க வெள்ளை. ஒவ்வொரு பூவுக்கும் விரல் நீளத்துக்குக் காம்பு போலக் குழல் இருக்கும். நாரே இல்லாமல் ஒன்றோடு ஒன்று பின்னிக்கொண்டே போகலாம். என் அத்தை, அதாவது மாமியார், எழுபது வயதிலும் பத்து நிமிஷத்தில் ஒரு முழம் பின்னிவிடுவார். எதிர் வீட்டுப் பெண் குழந்தைகள் அவரைச் சுற்றி உட்கார்ந்து கற்றுக்கொண்டார்கள். அப்புறம் தட்டான்கள். தட்டான் தாழப் பறந்தால் மழை என்பார்கள், புல்தரைக்கு ஒரு ஆள் உயரத்தில் கூட்டம் கூட்டமாகச் சுற்றும். அதில் மஞ்சள் கலந்த ஒரு வகை, பருவக் காற்றைப் பிடித்துக்கொண்டு இந்தியாவிலிருந்து மாலத்தீவு வழியாக ஆப்பிரிக்கா வரை போகிறது என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். வண்ணாரப்பேட்டைப் பிள்ளைகள் வாலைப் பிடிக்கத் துரத்துகிற பூச்சி கடலைத் தாண்டுகிறது!

இரண்டு வருஷம் முன்பு அக்டோபரில், பச்சையும் நீலமும் வயிற்றில் சிவப்புமாக ஒரு குருவி நடைபாதையில் சோர்ந்து உட்கார்ந்திருந்தது. யாரோ கிளிக்குஞ்சு என்றார்கள். காலையில் நடக்க வரும் ஒரு வாத்தியார்தான் ஆறுமணிக்குருவி என்று சொன்னார். வடக்கே இருந்து தெற்கே வலசை போகும் வழியில் சென்னையில் இறங்கி இளைப்பாறுமாம், நகரத்தில் மரம் குறைந்த இடங்களில் வீட்டுக்குள்ளேயே வந்து விழுந்துவிடுமாம். ஒரு செருப்புப் பெட்டியில் வைத்து, இருட்டியதும் மரத்தடியில் விட்டோம். காலையில் இல்லை. என் பையன் பிறகு ஒரு மாதம் வரை தினமும் அந்த மரத்தடியைப் பார்த்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போனான்.

இதையெல்லாம் மாடி மேல் நின்று பார்க்க எங்களுக்கு மாடி கிடையாது. ஒரு ஹால், ஒரு அடுக்களை, அதில் ஐந்து பேர், ஒரு தையல் மெஷின். மழை நாளில் துணி வேறு உள்ளேயே காயும். பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, காசிமேடு, வியாசர்பாடி எங்கே எடுத்தாலும் பாதி வீடுகள் இப்படித்தான். தெருவில் விளையாடலாம் என்றால் தெருவில் தண்ணீர் நிற்கும், ஆட்டோ நிற்கும், வெட்டிப்போட்ட பள்ளம் இருக்கும். எங்களுக்குப் பூங்கா என்பது வீட்டின் இன்னொரு அறை. அதை மழைக்காலத்தில் பூட்டினால் வீட்டில் ஒரு அறையைப் பூட்டியது மாதிரி.

போன வருஷம் ஆயுத பூஜைக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஒரு காரியம் செய்தோம். பெரிதாக ஒன்றும் இல்லை. தெருப் பெண்கள் ஆறு பேர் சேர்ந்து, பிள்ளைகளுக்குச் சாயங்காலம் விளையாட்டு வைக்கலாம் என்று முடிவு செய்தோம். அனுமதிக்கு மூன்று முறை அலைந்தேன். ஒரு இடத்தில் மைக் செட் உண்டா என்றார்கள், இல்லை என்றேன். பந்தல் உண்டா, இல்லை. பேனர்? இல்லை. அப்படியானால் எதற்கு அனுமதி என்று அனுப்பிவிட்டார்கள். சரி என்று பூங்காவுக்கு வந்தால் கேட்டில் இருந்தவர் லெட்டர் இல்லாமல் விட முடியாது என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். கடைசியில் அவரே, "நாலு மணிக்கு நான் எப்படியும் திறப்பேன்க்கா, நீங்க பாட்டுக்கு வந்து உட்காருங்க" என்று சொன்னார். அப்படித்தான் நடந்தது.

இரண்டு கேரம் போர்டு, ஒரு பல்லாங்குழி, மூன்று பாய், ஒரு அண்டா சுண்டல். முப்பது பிள்ளைகள் வருவார்கள் என்று நினைத்தோம், எழுபதுக்கு மேல் வந்துவிட்டார்கள். காசிமேட்டிலிருந்து ஒரு ஆயா பேரனோடு வந்தார். சும்மா வேடிக்கை பார்க்க உட்கார்ந்தவர், கடலில் புயலுக்கு முன்னால் தண்ணீர் எப்படி நிறம் மாறும் என்று சொல்ல ஆரம்பித்தார். கேரம் ஆடிக்கொண்டிருந்த பெரிய பையன்கள்கூட ஸ்ட்ரைக்கரைக் கீழே வைத்துவிட்டார்கள். ஐந்தே காலுக்கு மழை பிடித்தது. எல்லோரும் உடற்பயிற்சிக் கருவிகள் இருக்கும் தகரக் கொட்டகைக்கு ஓடினோம். அத்தனை பேர் அதில் நின்றது எப்படி என்று எனக்கு இன்னும் புரியவில்லை. ஆயா கதையை அங்கேயும் தொடர்ந்தார், தகரத்தின் மேல் மழை விழுகிற சத்தத்தில் கத்திக் கத்திச் சொன்னார். யாருக்கும் ஜுரம் வரவில்லை, யாரும் வழுக்கி விழவில்லை. மழை விட்ட பிறகு பிள்ளைகளே பாய்களை உதறிச் சுருட்டினார்கள்.

பூங்கா என்றால் எட்டு போட்டு நடப்பதற்கு மட்டும்தான் என்று எப்போது ஆனது? ராயபுரம் ராபின்சன் பூங்காவில் 1949 செப்டம்பர் 18 அன்று கொட்டும் மழையில்தான் திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கப் பொதுக்கூட்டம் நடந்தது. அண்ணா பேசினார், கூட்டம் நனைந்தபடி கேட்டது. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய என் தாத்தா அந்தக் கூட்டத்தில் நின்றவர். சேற்றில் ஒரு செருப்பைத் தொலைத்துவிட்டு ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்த கதையைச் சாகும் வரை சொன்னார். உங்களுக்கு எந்தக் கட்சி பிடிக்கும் என்பது வேறு விஷயம். புரட்டாசி மழையில் வடசென்னைப் பூங்கா ஒன்றில் ஜனம் கூடியது, அது இந்த மாநிலத்தின் வரலாறாகவே ஆனது. அதே பகுதியில் இன்று எழுபது பிள்ளைகள் சுண்டல் தின்ன லெட்டர் கேட்கிறார்கள்.

சென்ட்ரல் பக்கத்தில் பீப்பிள்ஸ் பார்க் என்று எவ்வளவு பெரிய பூங்கா இருந்தது! பார்க் டவுன் என்ற பேரே அதனால்தான். என் அம்மாவின் தலைமுறை அங்கே இருந்த மிருகக்காட்சிசாலையை உயிர் காலேஜ் என்றுதான் சொல்லும். 1985-ல் அது வண்டலூருக்குப் போனது. பூங்கா நிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ரயில்வேயும் விளையாட்டு அரங்கமும் கட்டிடங்களும் எடுத்துக்கொண்டன. மிச்சமாக மை லேடிஸ் பூங்கா மாதிரி சில துண்டுகள். அவ்வளவு பெரிய இடத்தை இழந்த எங்களுக்குத் தெருமுனைப் பூங்காவின் ஒவ்வொரு பெஞ்சும் கணக்குத்தான்.

இந்தப் பருவத்தில் வெளியே கூடுவது எங்கள் பக்கத்துக்குப் புதிதும் இல்லை. புரட்டாசியில் சென்னகேசவப் பெருமாள் கோயிலிலிருந்து திருப்பதி பெருமாளுக்குக் கொண்டுபோகும் குடைகள் கிளம்பி யானைக்கவுனியைத் தாண்டும்போது தெருவே நிரம்பி நிற்கும். மேகம் கறுத்திருந்தாலும் யாரும் வீட்டுக்குத் திரும்புவதில்லை. அந்தக் கூட்டத்துக்கு நடுவே மோர் கொடுக்கிறவர்கள், விசிறி கொடுக்கிறவர்கள், குழந்தையைத் தோளில் தூக்கிக் காட்டுகிற அறிமுகமில்லாத அண்ணன்கள். மழைக்குப் பயந்த ஊர் இல்லை இது.

மலர்க் கண்காட்சி என்றால் செம்மொழிப் பூங்கா. நானும் போனேன், மெட்ரோவில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு. அழகாக இருந்தது, பொறாமைப்பட்டுச் சொல்லவில்லை. ஆனால் ஐந்து பேருக்கு டிக்கெட், போக வர, ஆளுக்கு ஒரு ஐஸ்கிரீம் என்றால் எனக்கு எட்டு பிளவுஸ் தைத்த கூலி. மாதவரத்தில் எவ்வளவு பெரிய தாவரவியல் பூங்கா இருக்கிறது. பெரம்பூர் முரசொலி மாறன் பூங்காவில் ஞாயிறு மாலை உட்கார இடம் கிடைக்காது. கூட்டத்துக்கு இங்கே குறைவே இல்லை. பொங்கலுக்குச் சென்னை சங்கமம் நடக்கும்போது பறையும் கரகமும் பார்க்க எங்கள் ஜனம் எப்படி அலைமோதும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். அதற்குத் தை வரை காத்திருக்க வேண்டுமா?

எதிர்ப்பாகச் சொல்வதில் நியாயம் இருக்கிற விஷயங்களும் உண்டு. முதலாவது மின்சாரம். ஈரத்தில் விளக்குக் கம்பத்தைத் தொட்டு உயிர் போகும் ஆபத்து நிஜம், இதில் சமரசமே கூடாது. மழைக்கு முன்பே ஒவ்வொரு கம்பத்தின் பெட்டியையும் பார்த்து, எர்த் சரியா என்று சோதித்து, மூடி போட வேண்டும். அதைச் செய்யாமல் கேட்டைப் பூட்டினால், இரவில் தெருவில் போகிறவனுக்கு ஆபத்து அப்படியேதான் இருக்கும். காய்ந்த கிளை வெட்டுவதும் அப்படித்தான். ரெட் அலர்ட் என்றால் மூடுங்கள், நாங்களே வர மாட்டோம்.

கொசு என்கிறார்கள். டெங்கு கொசு நல்ல தண்ணீரில், தேங்காய் ஓட்டிலும் டயரிலும் டீ கப்பிலும் முட்டையிடுகிறது. ஒரு வாரம் பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். பூட்டிய பூங்காவில் அந்தக் கப்பை யார் கவிழ்ப்பார்கள்? தினமும் நாற்பது பேர் நடமாடுகிற இடத்தில்தான் அது யார் கண்ணிலாவது படும்.

சேறு என்பது இடத்தைப் பொறுத்தது. கடற்கரையை ஒட்டிய ராயபுரம், காசிமேடு பக்கம் மணல், தண்ணீர் சீக்கிரம் இறங்கிவிடும். வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொடுங்கையூர் களிமண், நின்றால் நின்றதுதான். அங்கே பூங்காவின் ஒரு மூலையைத் தாழ்வாக வெட்டி, சரளை போட்டுத் தண்ணீரை அங்கே வாங்கிக்கொள்ளலாம். ஸ்பாஞ்ச் பார்க் என்று மாநகராட்சியே சில இடங்களில் செய்துவருகிறது. பூங்கா தண்ணீரைக் குடித்தால் பக்கத்துத் தெருவுக்கும் நல்லது. மீதி இடத்தில் பிள்ளைகள் விளையாடலாம்.

விளையாட்டு என்றதும் அந்தப் பலகை நினைவுக்கு வருகிறது: பந்து விளையாடத் தடை. வியாசர்பாடியில் கால்பந்து ஆடி வளர்ந்த நந்தகுமார் இந்திய அணிக்கு ஆடினார். புதுவண்ணாரப்பேட்டை காசிமா, ஆட்டோ ஓட்டுநரின் மகள், 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கினார். நடப்பவர்களுக்கு இடைஞ்சல் என்றால் நேரம் பிரித்துக் கொடுங்கள், மூன்றரையிலிருந்து ஐந்தரை வரை பிள்ளைகளுக்கு. நவம்பரில் ஐந்தே முக்காலுக்குள் சூரியன் மறைந்துவிடுகிறது. நாலு மணிக்குக் கேட்டைத் திறந்தால் பள்ளி விட்டு வரும் பிள்ளைக்குக் கொஞ்ச நேரம்தான் வெளிச்சம் மிஞ்சுகிறது.

எங்கள் வார்டில் கொடுக்கப் போகும் மனுவில் நான்கு விஷயம்தான் எழுதியிருக்கிறோம். புரட்டாசி முதல் மார்கழி வரை மதியமும் பூங்கா திறந்திருக்க வேண்டும். தகரக் கொட்டகையை இன்னும் இருபது அடி நீட்ட வேண்டும். மைக், பந்தல், பேனர் இல்லாமல் ஐம்பது, நூறு பேர் கூடுவதற்கு லெட்டர் கேட்கக் கூடாது, நோட்டில் கையெழுத்துப் போட்டால் போதும். வாட்ச்மேன் அண்ணனுக்கு மதிய நேரத்துக்கு இன்னொரு ஆள். இதுவரை 112 கையெழுத்து. அந்தத் துணிக்கடைப் பெண்களும் போட்டிருக்கிறார்கள், நேற்று மதியம் அதே திட்டில் போய்ப் பிடித்தேன். அதில் ஒரு பெண் செய்யாறு பக்கம், இங்கே ஹாஸ்டலில் இருக்கிறாள். போன வருஷம் மாதிரி இந்த ஞாயிறும் பூங்காவில் விளையாட்டு வைக்கிறோம், வா என்றேன். "ஞாயித்துக்கிழமை எங்களுக்கு லீவு இல்லக்கா, ஆனா சுண்டல் கொஞ்சம் எடுத்து வைங்க" என்றாள்.

எடுத்து வைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இந்த ஞாயிறு நாலு மணி. காசிமேட்டு ஆயா வருகிறார். எங்கள் தெருக்காரர்கள் பாய் கொண்டுவாருங்கள், போன முறை மூன்று போதவில்லை. மழை வந்தால் கொட்டகை.