121.5 மட்டும் போதாது

சிறு விமானம் விழுந்தால் சைகை அனுப்பும் கருவியைப் பற்றி, ‘பழைய 121.5 மெகாஹெர்ட்ஸ் அவசரக் கருவியே போதும், துணைக்கோள் பிடித்துவிடும்’ என்று அண்ணன் ஒருவர் எழுதியிருக்கிறார். பிடிக்காது. அவசரச் சைகைகளைக் கண்டறியும் பன்னாட்டு அமைப்பான காஸ்பாஸ்-சார்சாட்டின் துணைக்கோள்கள் அந்த அலைவரிசையைக் கவனிப்பதை 2009 பிப்ரவரி 1-ஆம் தேதியே நிறுத்திவிட்டன. இன்று பக்கத்தில் பறக்கும் விமானம் ஏதாவது கேட்டால்தான் உண்டு. சுங்கை சிப்புட்டில் நம் வாசலில் நின்று பார்த்தாலே தெரியும்: செம்பனைக்குப் பின்னால் காடு, மலை. அங்கே விழுந்தால் யார் கேட்பது?

துணைக்கோள்கள் இன்று கவனிப்பது 406 மெகாஹெர்ட்ஸ் கருவியைத்தான். அது தன் அடையாள எண்ணையும் அனுப்பும். தேடுபவர்கள் நெருங்கி வர 121.5-இலும் ஒலிக்கும். அண்ணன் பார்த்தது அந்தப் பாதியைத்தான் போலும். அந்த எண்ணை உரிமையாளர் பெயரில் பதிய வேண்டும். விமானம் கைமாறினால் திருத்த வேண்டும். பொருத்துவது உரிமம் பெற்ற பொறியாளரின் வேலை, தோட்டத்து லோரி மெக்கானிக்குடையது அல்ல.