1997 ஐசின் தீவிபத்து: மிரட்டலால் மட்டும் வந்த வால்வுகள் அல்ல

"டொயோட்டா மிரட்டியது, சப்ளையர்கள் பயந்து வால்வு செய்து கொடுத்தார்கள், ஒத்துழைப்பு என்பதெல்லாம் கட்டுக்கதை" என்று இந்தத் தீவிபத்தைப் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார். பாதிதான் சரி, மீதி தவறு.

1997 பிப்ரவரி 1 அன்று, டொயோட்டாவுக்குக் கார் பாகங்கள் செய்யும் ஐசின் நிறுவனத்துக்கு ஜப்பானின் காரியாவில் இருந்த ஆலை எரிந்தது. பின்சக்கர பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பி-வால்வை டொயோட்டாவுக்குக் கிட்டத்தட்ட முழுக்க அந்த ஒரே ஆலைதான் செய்தது, கையிருப்போ சில மணி நேரத்துக்குத்தான். ஜப்பானில் டொயோட்டாவின் கார் உற்பத்தி ஏறக்குறைய மொத்தமாக நின்றது. ஐசின் தன் வரைபடங்களைக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுக்க, 60-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் விலை கூடப் பேசாமல் வேலையில் இறங்கின. அதில் ஒன்று தையல் மெஷின் செய்யும் பிரதர்! அதுவரை கார் பாகம் எதையும் செய்யாத அந்த நிறுவனத்தை டொயோட்டா எதைக் காட்டி மிரட்டியிருக்க முடியும்? ஒரு வாரத்துக்குள் பெரும்பாலான ஆலைகள் திரும்ப ஓடின. அப்புறம் டொயோட்டா தன் நேரடி சப்ளையர்களுக்கு, அவர்கள் அந்தக் காலாண்டில் தனக்கு விற்றதில் 1 சதவீதத்தை நன்றித்தொகையாகக் கொடுத்தது.

அதிகாரம் இல்லை என்று சொல்லவில்லை. ஐசினில் டொயோட்டாவுக்குப் பெரிய பங்கு உண்டு, விலையைக் குறைக்கச் சொல்லி சப்ளையர்களை விடாமல் நெருக்கவும் செய்யும். ஆனால் விலையை நெருக்கிய அதே டொயோட்டா, பல வருடமாகத் தன் இன்ஜினியர்களை அவர்கள் ஆலைக்கு அனுப்பிச் செலவைக் குறைக்கும் வழியையும் கற்றுக்கொடுத்தது. இந்தப் பாதியை விட்டுவிட்டு எழுதினால் அந்த ஒரு வாரம் எப்படிச் சாத்தியமானது என்று புரியவே புரியாது.