மரப்பட்டறை ஊரின் சிம்பொனி

மேற்கத்தியச் செவ்வியல் இசை என்று பேச்செடுத்தால் வியன்னா, பெர்லின், லண்டன் என்று மூன்று ஊர்களைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறோம். என்னைக் கேட்டால், கடந்த ஐம்பது ஆண்டுகளில் ஓர் இசைக்குழு செய்த ஆகத் துணிச்சலான காரியம் பின்லாந்தில், ஹெல்சிங்கிக்கு வடக்கே சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் லாஹ்தியில்தான் நடந்தது. மேசை நாற்காலிகளுக்கும் பனிச்சறுக்குத் தாவலுக்கும் பேர்போன ஊர். இன்றைக்கும் அதன் மக்கள்தொகை ஒன்றேகால் லட்சத்தை எட்டவில்லை.

லாஹ்தி சிம்பொனி இசைக்குழு என்றதும் எல்லோரும் நடத்துநர் ஒஸ்மோ வான்ஸ்காவின் பெயரைச் சொல்வார்கள். சொல்ல வேண்டியதுதான். ஆனால் அவருக்கு முன்னால் நாற்பது ஆண்டுகள் யாரும் கண்டுகொள்ளாத ஒரு குழுவுக்கு மாதாமாதம் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்த நகராட்சியை ஒருவரும் சொல்வதில்லை. என் சண்டை அதைப் பற்றித்தான்.

1905இல் நகரமான ஊர் லாஹ்தி. அடுத்த ஐந்தாவது ஆண்டே, 1910இல், இசை ஆர்வலர்கள் கூடிச் சங்கம் வைத்துக் குழுவைத் தொடங்கிவிட்டார்கள். பின்லாந்தில் இது ஒன்றும் பழைய குழு அல்ல. துர்க்கு நகரத்தின் இசைச் சங்கம் 1790இலேயே பிறந்துவிட்டது; ஹெல்சிங்கியில் ராபர்ட் கயானுஸ் 1882இல் இசைக்குழு அமைத்துவிட்டார். லாஹ்திக்காரர்கள் பந்தியில் பிந்தி உட்கார்ந்தவர்கள்.

பிறகு இரண்டாம் உலகப் போர் வந்தது. நாட்டின் கிழக்கு எல்லைப் பகுதியான கரேலியாவைச் சோவியத் யூனியனிடம் இழந்தபோது நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீடு வாசலை விட்டு மேற்கே வந்தார்கள். அவர்கள் இழந்தவற்றில் விபோர்க் நகரமும் ஒன்று. பின்னிஷ், ஸ்வீடிஷ், ரஷ்யன், ஜெர்மன் என நான்கு மொழிகள் தெருவில் புழங்கிய, இசையில் ஊறிய துறைமுக ஊர் அது. அங்கிருந்து வந்தவர்களில் கணிசமானோர் லாஹ்தியில் குடியேறினார்கள். விபோர்க்கின் இசைப்பள்ளியும் அப்படியே லாஹ்திக்கு இடம்பெயர்ந்தது. அகதிகள் என்றால் அரசுக்குச் செலவு என்று கணக்குப் போடுகிறவர்கள் இந்த இடத்தை இன்னொரு முறை படிக்கலாம். 1949இல் நகராட்சியே இசைக்குழுவை ஏற்றுக்கொண்டது.

அதற்குப் பிறகு மார்த்தி சிமிலா, உர்போ பெசோனென், யோகோ சாரி, உல்ஃப் சோடர்ப்ளோம் என நடத்துநர்கள் வந்தார்கள். பெசோனென் 1959 முதல் 1978 வரை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நடத்தினார். இந்தப் பெயர்களை உலகம் பெரிதாகக் கேள்விப்பட்டதில்லை. உள்ளூர்க்காரர்கள் வந்து கேட்டார்கள், கை தட்டினார்கள், வீட்டுக்குப் போனார்கள். ஏதாவது ஓர் ஆண்டு வரவு செலவுக் கூட்டத்தில், ‘இதனால் நமக்கு என்ன வருமானம்?’ என்று கேட்டு இழுத்து மூடியிருந்தால் இன்று நான் இந்தப் பதிவை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

வான்ஸ்கா அடிப்படையில் கிளாரினெட் கலைஞர். ஹெல்சிங்கி பில்ஹார்மோனிக்கில் வாசித்தவர். 1982இல் பிரான்சின் பெசான்சோன் நகரில் நடக்கும் நடத்துநர் போட்டியில் வென்றவர். 1985இல் முதன்மை விருந்தினர் நடத்துநராக லாஹ்திக்கு வந்து, 1988இல் தலைமைப் பொறுப்பை ஏற்றார். பெரிய நகரத்துக்குப் போவதற்கான படிக்கட்டாக ஊரைப் பயன்படுத்தாமல், 2008 வரை இருபது ஆண்டுகள் அங்கேயே பொறுப்பில் இருந்தார். (2003இல் அமெரிக்காவின் மினசோட்டா இசைக்குழு அழைத்தபோதுகூட லாஹ்தியை விட்டுவிடவில்லை.)

இனி அந்தத் துணிச்சலுக்கு வருகிறேன். பின்லாந்தின் ஆகப் பெரிய இசையமைப்பாளரான சிபேலியஸின் வயலின் கன்செர்ட்டோ (தனி வயலினும் முழு இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) 1904 பிப்ரவரியில் ஹெல்சிங்கியில் அரங்கேறியபோது சொதப்பியது. விமர்சகர்கள் காய்ச்சி எடுத்தார்கள். அவர் அதைத் திரும்பப் பெற்று, வெட்டிச் செதுக்கி, 1905இல் புது வடிவம் கொடுத்தார். பெர்லினில் ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் நடத்த, கரேல் ஹாலீர் வாசித்தார். உலகம் முழுக்க வயலின் கலைஞர்கள் வாசிப்பது அந்தப் புது வடிவத்தைத்தான். பழையதை யாரும் வாசிக்கக் கூடாது என்பது சிபேலியஸின் விருப்பம். பல பத்தாண்டுகள் கழித்து அவருடைய வாரிசுகள் ஓர் இசைப்பதிவுக்கு அனுமதி கொடுத்தார்கள். கொடுத்தது லாஹ்திக்கு. லியோனிடாஸ் கவாகோஸ் வயலின், வான்ஸ்கா நடத்துநர், ஸ்வீடனின் பிஸ் நிறுவனம் வெளியீடு. 1991இல் பிரிட்டனின் ‘கிராமபோன்’ இசைப் பத்திரிகையின் விருது கிடைத்தது. லாஹ்தி எங்கே இருக்கிறது என்று பலர் வரைபடத்தில் தேடியது அதற்குப் பிறகுதான்.

அடுத்து ஐந்தாவது சிம்பொனி. 1915இல் தன் ஐம்பதாவது பிறந்தநாளன்று சிபேலியஸ் அரங்கேற்றிய முதல் வடிவத்தையும் இவர்களே பதிவு செய்தார்கள். நாம் அறிந்த 1919 வடிவம் ஹார்ன் என்னும் ஊதுகருவிகளின் அழைப்போடு தொடங்கும். 1915இல் அந்த அழைப்பே இல்லை. பின்னால் ஒன்றாகச் சேர்ந்துவிட்ட முதல் இரண்டு பகுதிகளும் இங்கே தனித்தனியாக நிற்கின்றன. கடைசி நிமிடத்தைத்தான் நான் திரும்பத் திரும்பக் கேட்பேன். 1919 வடிவத்தின் முடிவில் ஆறு பேரொலிகள், ஒவ்வொன்றுக்கும் நடுவே முழு மௌனம். 1915இல் அந்த மௌனம் கிடையாது. அடியில் நரம்பு வாத்தியங்கள் அதிர்ந்துகொண்டே இருக்கின்றன. நான்கு ஆண்டுகள் மண்டையை உடைத்துக்கொண்டு அந்த மனிதர் கண்டுபிடித்தது, எதை எடுத்துவிட வேண்டும் என்பதைத்தான். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் இசைப் பயிற்சியே இல்லாதவருக்கும் இது புரியும்.

படைத்தவரே வேண்டாம் என்று ஒதுக்கியதை மேடையேற்றலாமா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் சிபேலியஸ் எரிக்கத் தெரியாதவர் அல்ல. உலகமே காத்திருந்த எட்டாவது சிம்பொனியை 1940களில் தன் வீட்டு அடுப்பில் போட்டவர் அவர். இவற்றை அப்படிச் செய்யவில்லை என்பதே எனக்குப் போதுமான அனுமதி. சட்டப்படி இது வாதமாகாது என்று யாராவது வந்து சொல்வார்கள், சொல்லட்டும். 1895இல் அவர் எழுதி, கிட்டத்தட்ட மறந்தேபோன ‘வனதேவதை’ என்ற இசைப்படைப்பை 1996இல் லாஹ்திக்காரர்கள் எடுத்து வாசிக்காமல் இருந்திருந்தால் யாருக்கு என்ன லாபம்?

இத்தனைக்கும் அப்போது அவர்களுக்குச் சொல்லிக்கொள்ளும்படியான இசையரங்கம் இல்லை. பதிவுகளைச் சிலுவைத் தேவாலயத்தில் செய்தார்கள். ஆல்வர் ஆல்டோ வடிவமைத்து, அவர் இறந்த பிறகு 1978இல் கட்டி முடிக்கப்பட்ட கட்டடம் அது. 1990களின் தொடக்கத்தில் சோவியத் சந்தை சரிந்து பின்லாந்து கடும் மந்தத்தில் சிக்கியிருந்தது. லாஹ்தியின் தொழிற்சாலைகளும் அடி வாங்கின. அந்தச் சூழலிலிருந்து எழுந்த ஊர்தான் 2000இல் வெசியார்வி ஏரிக்கரையில், பழைய மரப்பட்டறையை ஒட்டி, மரத்தாலேயே சிபேலியஸ் அரங்கத்தைக் கட்டியது. ஒலியமைப்பு ரஸ்ஸல் ஜான்சனின் கை. மரச் சுவர்களுக்குள் மணலைக் கொட்டி நிரப்பி வெளிச்சத்தத்தைத் தடுத்திருக்கிறார்கள். எனக்கு இந்த மணல் விஷயம் மிகவும் பிடிக்கும். தச்சர்களின் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான அரங்கம் கிடைக்காது.

வான்ஸ்கா போனதும் குழு படுத்துவிடும் என்று ஆரூடம் சொன்னார்கள். படுக்கவில்லை. சரஸ்தே, ஒக்கோ காமு, ஸ்லோபோதெனியூக் என்று அடுத்தடுத்த நடத்துநர்கள் வந்தார்கள். 2021இல் கீவ் நகரில் பிறந்த தாலியா ஸ்தசேவ்ஸ்கா பொறுப்பேற்றார். சிபேலியஸ் விழாவும் 2000இலிருந்து நடந்து வருகிறது.

எனக்கு ஒரு குறை உண்டு. சிபேலியஸ், சிபேலியஸ் என்றே பேசிப்பேசி, இந்தக் குழுவின் இன்னொரு பெரிய காரியத்தை எல்லோரும் மறந்துவிடுகிறோம். உயிரோடிருக்கும் ஓர் இசையமைப்பாளரை, காலேவி ஆஹோவை, 1992இலிருந்து தங்கள் ஆளாக வைத்துக்கொண்டு படைப்பு படைப்பாக அரங்கேற்றியவர்கள் இவர்கள். அவருடைய பன்னிரண்டாவது சிம்பொனி 2003இல் பின்லாந்தின் வடகோடியான லாப்லாந்தின் லுவோஸ்தோ மலைச்சரிவில், திறந்த வெளியில் அரங்கேறியது. லாஹ்தி குழுவும் லாப்லாந்து அறை இசைக்குழுவும் சேர்ந்து, கேட்பவர்களைச் சுற்றி நாலா பக்கமும் நின்று வாசித்தார்கள். எழுதி முடித்து மையே காயாத ஒரு சிம்பொனிக்காக இரண்டு குழுக்களை மலையேற்றுவது எந்தக் கணக்குப்பிள்ளைக்கும் பிடிக்காத வேலை. சிபேலியஸைக் கேட்டு முடித்தவர்கள் அடுத்து அதைத் தேடிக் கேளுங்கள். கைப்பேசியின் ஸ்பீக்கரில் மட்டும் வேண்டாம். ஒலி நாலு திசையிலிருந்தும் வர வேண்டிய இசை அது.