ஆளுக்கொரு பொன்னாடை ஏன்?

75 வயது நிரம்பின பங்குத்தந்தை பணிவிலகல் கடிதத்தை ஆயரிட்டக் குடுக்கச் சொல்லிக் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் 538 கேட்குது. அந்த வயதுக்காரரைத்தான் பிரியாவிடை எண்டு யாழ்ப்பாணத்து வெக்கைக்குள்ள, தகரக் கொட்டகைக்குக் கீழ மணிக்கணக்கா இருத்தி வைக்கிறம்.

பங்கில இருக்கிற ஒவ்வொரு சபையும் தனித்தனியாப் போர்த்தும்: அன்பியம் எண்ட அயல்வீட்டுக் குடும்பங்களின்ர குழுவுக்கு ஒரு பொன்னாடை, மரியாயின் சேனைக்கு ஒண்டு, வின்சன்ற் டி போல் சபைக்கு ஒண்டு, இளைஞர் மன்றத்துக்கு இன்னொண்டு. ஒவ்வொருக்காலும் அவர் கதிரையைவிட்டு எழும்பவேணும், குனியவேணும், படம்பிடிக்கிறவர் "இன்னொருக்கா பாதர்" எண்டால் திரும்பவும் நிக்கவேணும். முழங்கால் என்னத்துக்காகும்? கண்ணாடிச் சட்டம் போட்ட வாழ்த்துமடல்கள் வேற. எல்லாத்திலயும் அதே வரிகள், கீழ சபைப் பெயர் மட்டும் மாறும். ஓய்வுக்குப் போறவருக்குக் கிடைக்கிறது ஒரு அறை. எந்தச் சுவரில கொழுவிறது?

பங்குச் சபை ஒரு கிழமைக்கு முன்னமே கூடி, எல்லாருக்குமாக ஒரு மாலை, ஒரு மடல், பேச்சுக்கு ஆளுக்கு 3 நிமிசம் எண்டு முடிவெடுக்கலாமே. மிஞ்சிற காசை உறையில போட்டுக் குடுங்கோ, மருந்துக்கு உதவும். இப்ப நடக்கிறது, அவர் ஏற்புரைக்கு எழும்பேக்க சனம் பாதி ரோல்ஸும் தேத்தண்ணியும் எடுக்கப் போயிடும். அவற்ற பேச்சை முதல்ல வையுங்கோ.